பெரட்டில் பவளத்தின் பேர்

“பவளம்” என்று கணக்கப்பிள்ளை பேர் வாசித்தார்.

“ஆங்” என்றேன் நான்.

பெரட்டுக்களத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். “பவளத்துக்கு மீசை எடுப்பாத்தான் இருக்கு” என்றாள் ஒருத்தி. நானும் விடாமல் மீசையைத் தடவிக்கொண்டேன். விடியும் முன் ஈரத்தில் நின்று அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கிற இடம் அது. அங்கே சிரிப்பதற்கு என்னை விட்டால் வேறு ஒன்றும் கிடையாது.

பவளம் என் மனைவி. அந்த நாளில் அவள் லெபனானில் யாரோ ஒருவருடைய வீட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்திருப்பாள். வேலைக்கு வந்தவர்களின் பேரைப் பதியும் எங்கள் தோட்டத்து செக்ரோல் புத்தகத்தில் மட்டும், புளத்கொகுபிட்டியவுக்கு மேலே உள்ள ரப்பர் மலையில் அவள் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்தாள்.

போன வாரம் புகைக்கூடத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, “விறகைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறீர்கள், வீட்டுக்காரியைப் பற்றி ஒரு வரி கிடையாதா?” என்று கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஒரு வரியில் எழுதி முடிக்கிற ஆளில்லை அவள் என்பதால்தான் இத்தனை வாரமாகத் தள்ளிப் போட்டு வந்தேன்.

புலிக் கம்பளி

தோட்டங்களைக் கம்பெனிகள் எடுத்த பிறகு வந்த வருடங்கள் அவை. லயம் என்பது எங்கள் வரிசை வீடுகள். கீழ் லயத்தில் ஒருத்தி குவைத்துக்குப் போய்வந்தாள். வரும்போது புலிப் படம் போட்ட தடிப்பான கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து கொடியில் காயப் போட்டாள். எங்கள் பக்கத்துப் புழுக்கத்தில் உடம்பில் சட்டையே நிற்காது, கம்பளி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வருடம் ஆறு பேர் போனார்கள். அதற்கடுத்த வருடம் எண்ணுவதை விட்டுவிட்டோம். இளந்தாரிகள் கொழும்புக் கடைகளுக்குப் போனார்கள். முன்பெல்லாம், “ஐயா, என் மகளுக்கு ஒரு பேர் பதிஞ்சி குடுங்க” என்று கணக்கப்பிள்ளையின் வாசலில் போய் நிற்போம். இப்போது கணக்கப்பிள்ளை லயத்துக்கு இறங்கி வந்து, வேலைக்கு வாருங்கள் என்று கதவைத் தட்டினார். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது போல பெரட்டு சுருங்கிக்கொண்டே வந்தது.

வெட்ட ஆளில்லாமல் மரங்கள் நின்றன. அப்புறம் கீழே இருந்த சிங்களக் கிராமத்திலிருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களுடைய மகள்மார் கார்மண்ட் தையல் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் தனியாக இருந்த தாய்மார் எங்கள் மலைக்கு ஏறி வந்தார்கள். எங்கள் பெண்கள் எழுந்து போன இடத்தில் அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அதில் அவர்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எழுந்து போனவள் திரும்பி வந்தால் எங்கே உட்காருவாள் என்று அப்போது நாங்களும் யோசிக்கவில்லை.

கம்பெனி யோசித்திருந்தது. புதிதாக யாருக்கும் நிரந்தரப் பேர் பதிவதில்லை என்று நிறுத்தினார்கள். புதிதாக வருபவர் எல்லாம் கைக்காசு ஆள். வேலை இருக்கும் நாளில் வரலாம், இல்லாத நாளில் திரும்பிப் போகலாம். சேமலாப நிதி கிடையாது, பிரசவ லீவு கிடையாது. பழைய பேர் ஒன்று வெட்டுப்பட்டால் வெட்டுப்பட்டதுதான், அந்த இடத்துக்கு இன்னொரு பேர் ஏறாது.

கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தாள்

பவளத்துக்கு ஆசை ஒன்றே ஒன்று. ரோட்டோரத்தில் பத்து பேர்ச் அளவில் ஒரு துண்டுக் காணி. லயத்து ஒற்றைக் காம்பரா அறையில் பக்கத்து வீட்டுக்காரன் இருமினால் எங்கள் வீட்டுச் சட்டி அதிரும். மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. அவள் பெரிய மனுஷியாகும் முன் நான்கு சுவர் வேண்டும் என்றாள் பவளம். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? லெபனானுக்குப் போகிறேன் என்றபோது வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

அவளுக்குப் பயம் வேறொன்றில் இருந்தது.

“என் பேரு போயிறக் கூடாதுங்க. ரெண்டே வருசந்தான். வந்து என் மரத்த நான் வெட்டணும்” என்றாள்.

பதினாறு வயதில் பதிந்த பேர் அது. அவளுடைய அம்மாவும் அதே மரங்களைத்தான் வெட்டினாள். ஒருவருக்கென்று ஒதுக்கிய மரங்களை நாங்கள் புளொக் என்போம். பவளத்தின் புளொக் ஆற்றுப் பக்கச் சரிவில் இருந்தது. கால் வழுக்கும் இடம், ஆனால் பால் நன்றாகச் சுரக்கும்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பிரசவத்துக்குப் போனவளின் புளொக்கை மாமியார் வெட்டுவாள். காய்ச்சலில் கிடப்பவனுடையதைத் தம்பி வெட்டுவான். பெரட்டில் பேர் வாசிக்கும்போது வெட்டப் போகிறவர் ‘ஆங்’ சொல்வார். அன்றைய பேரும் கூலியும் படுத்திருப்பவருக்கு விழும். இதைத் திருட்டு என்று யாரும் நினைத்ததில்லை. பத்து நாள், நாற்பது நாள் விவகாரம் அது. அந்தப் பழக்கத்தை இரண்டு வருடத்துக்கு இழுத்ததுதான் நான் செய்த பிழை.

நான் பால் வெட்டுகிறவன் இல்லை. பாலை உறைய வைத்து ஷீட் அடித்துப் புகையில் போடுகிற ஸ்டோர்க்காரன். எனக்கு வேலை மத்தியானத்துக்கு மேல்தான். காலை முழுக்கக் கை சும்மா இருக்கிறது, அவளுடைய மரங்களை நான் வெட்டினால் என்ன என்று கேட்டேன். முதலில் சிரித்தாள். பிறகு ஒரு வாரம் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கினாள்.

அந்த ஒரு வாரத்தை நான் மறக்க மாட்டேன். எனக்குப் பின்னால் நின்று, கத்தி பிடித்த என் கையின் மேல் தன் கையை வைத்து இழுத்தாள். தோலை மட்டும் சீவ வேண்டும், உள்ளே சதையைத் தொட்டால் மரத்துக்குக் காயம். அவள் இழுத்தால் பட்டை நாடா மாதிரி சுருண்டு வந்தது. நான் இழுத்தால் கட்டை கட்டையாக விழுந்தது. கலியாணம் முடித்துப் பத்து வருடம் ஆகியும் என்னோடு அவ்வளவு நேரம் அவள் பேசியதில்லை. நான் வேண்டுமென்றே பிழையாக இழுத்த மரங்களும் உண்டு. அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

தில்லைநாதன் ஐயா

கணக்கப்பிள்ளை சம்மதிக்காமல் இதெல்லாம் நடக்காது. தில்லைநாதன் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். தனியாகக் குவாட்டர்ஸில் இருந்தார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில். சண்டையில் பாதை பூட்டினால் கடிதமும் நின்றுபோகும். தபால் பையை அவிழ்க்கும் நேரத்தில் அவர் தோட்ட ஆபீசான கந்தோர்ப் பக்கம் ஏதாவது சாட்டு வைத்து வந்து நிற்பார். கடிதம் இல்லையென்றால், வந்த வேலை முடிந்த மாதிரி திரும்பிப் போவார்.

நான் போய்க் கேட்டபோது, சட்டப்படி அது பிழை என்றார். பிறகு, போன பிள்ளைக்குத் திரும்பி வர ஓர் இடம் இருக்கத்தான் வேண்டும் என்றார். தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்த துரைக்கு லயத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாது. செக்ரோலில் பேர் நிறைய இருப்பதில் அவருக்கும் சந்தோஷம்தான்.

இப்படித்தான் எனக்கு மீசை வைத்த பவளம் என்ற பட்டம் கிடைத்தது.

புளொக்கை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினேன். முதல் மாதம் மரங்களைக் காயப்படுத்தி ஏச்சு வாங்கினேன். பிறகு கை படிந்தது. மரத்தில் வெட்டு மேலிருந்து கீழே இறங்கும். பவளம் கடைசியாக வெட்டிய கோடு எதுவென்று ஒவ்வொரு மரத்திலும் எனக்குத் தெரியும். அதற்குக் கீழே என்னுடைய வெட்டு. முதலில் அவள் கோட்டுக்கும் என் கோட்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையாது. அப்புறம் கை அகலம் ஆனது, அப்புறம் ஒரு சாண். அவள் போய் இவ்வளவு நாளாயிற்று என்று காட்ட எனக்குக் கலண்டர் தேவைப்படவில்லை. சில நாள் வெட்டுவதற்கு முன் அந்தப் பழைய கோட்டைத் தடவிப் பார்ப்பேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன்

மாதத்தில் முதல் ஞாயிறு டவுனில் உள்ள கொமியூனிகேஷன் கடைக்கு அவள் போன் எடுப்பாள். நானும் மகளும் பத்து மணிக்கே போய் பெஞ்சில் இடம் பிடிப்போம். எங்களைப் போல இன்னும் பத்துப் பதினைந்து குடும்பம் இருக்கும். மணி அடித்தால் எல்லோரும் எழுந்து நிற்போம். கடைக்காரர் பேர் சொன்னதும் ஒரு குடும்பம் ஓடும், மற்றவர்கள் உட்காருவார்கள். பவளம் எப்போதும் முதலில் மகளைக் கேட்பாள், இரண்டாவதாக மரத்தைக் கேட்பாள். என்னைக் கேட்பதற்குள் காசு தீர்ந்துவிடும்.

இரண்டு வருடம் முடிகிற நேரத்தில் போன் நின்றது. ஐந்து ஞாயிறு போய் உட்கார்ந்துவிட்டு வெறுமனே திரும்பினோம்.

பிறகு, அங்கே பக்கத்து வீட்டில் வேலை செய்த கஹவத்தைப் பெண் ஒருத்தி ஊருக்கு வந்தபோது, பவளம் கொடுத்தனுப்பிய கடிதத்தைத் தபாலில் போட்டிருந்தாள். பாஸ்போர்ட்டை வீட்டுக்காரர்கள் எடுத்து வைத்துக்கொண்டார்கள், தவணை முடிந்தும் அனுப்ப மாட்டேன் என்கிறார்கள், வெளியே போகும்போது வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாள். கொழும்பில் சொல்லி, அங்கேயிருந்து எழுதினால்தான் விடுவார்களாம். கடைசி வரியில் மரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் பயந்தேன்.

மேசைக்கு அந்தப் பக்கம்

வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களின் முறைப்பாட்டைப் பார்க்கிற கந்தோருக்குக் கொழும்பு போனேன். கடிதத்தைக் கொடுத்தேன். ஆளை விசாரித்து அறிந்த பிறகு அங்கே எழுதுவோம் என்றார்கள். லயத்தில் இருப்பவனுக்கு வேறு விலாசம் ஏது? தோட்டத்துக்குத்தான் கடிதம் போட்டு விசாரித்திருக்கிறார்கள்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி போனேன். அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. வயதானவர், உட்காரச் சொன்னார். பைலைத் திறந்து ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“ஒயாகே நோனா வத்தே இன்னவானே” என்றார். உன் மனைவி தோட்டத்தில்தானே இருக்கிறாள் என்று.

துரை கையெழுத்து வைத்த பதில் அது. கந்தோரில் செக்ரோலைப் பார்த்து எழுதியிருந்தார்கள். மேற்படி பவளம் என்பவர் இத்தோட்டத்தின் நிரந்தரத் தொழிலாளி, பால் வெட்டும் வேலையில் இருக்கிறார், வேலைக்கு ஒழுங்காக வருபவர்.

அந்த ஒழுங்கு என்னுடையது. காய்ச்சலோடு போய் வெட்டிய நாள்கள் அதில் இருந்தன. நான் சிங்களம் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுகிறவன். அன்றைக்கு அந்தத் தாளை எடுத்து அவர் பக்கமே திருப்பி வைத்தேன். பைலை மூடிவிட்டதாக அவர் சொன்னார். மனைவியோடு ஏதும் மனத்தாங்கல் இருந்தால் வீட்டில் பேசித் தீர்த்துக்கொள் என்றும் சொன்னார்.

தெரிந்த இடம்

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு விளங்கிவிட்டது. அவள் அங்கே இருக்கிறாள் என்று சொல்ல வேண்டுமானால், இங்கே இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவள் பேர் போகும். அதோடு போகாது. பொய்யாகப் பேர் போட்ட தில்லைநாதன் ஐயாவின் வேலையும் குவாட்டர்ஸும் சேர்ந்து போகும். அந்த நாளில் ஒரு யாழ்ப்பாணத்து ஆளுக்கு வேலை இல்லாமல், தங்க இடம் இல்லாமல் இந்தப் பக்கம் நடமாடுவது லேசான காரியமா? எந்தச் சந்தியிலும் அவரை நிறுத்திக் கேட்பார்கள்.

மூன்று நாள் சும்மா இருந்தேன். மூன்று நாளும் பெரட்டில் அவர் பவளம் என்று வாசித்தார், நான் ஆங் சொன்னேன். ஒவ்வொரு ஆங்குக்கும் அங்கே ஒரு கதவை நானே பூட்டுவது போல இருந்தது. அவளை விட அந்த மனுஷனை நினைத்தேனா, இல்லை எனக்குத் துணிவு இல்லையா என்று இன்றுவரை தெரியவில்லை.

நான்காம் நாள் பின்னேரம் அவருடைய குவாட்டர்ஸுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றி முடித்து, ஒரு கோப்பையை என் முன்னால் வைத்தார்.

“மணியம், என்ரை மனிசியும் பிள்ளையளும் இப்ப எங்கை இருக்கினம் எண்டு எனக்குத் தெரியாது. உம்மடை மனிசி இருக்கிற இடம் உமக்குத் தெரியும். தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டு எடும். பேரை வெட்டுவம்” என்றார்.

நான் அழுதேன். அவர் தேத்தண்ணீர் ஆறப் போகிறது என்றார்.

அடுத்த நாள் இருவரும் துரைக்கு முன் நின்றோம். நடந்ததைச் சொன்னோம். துரை கத்தினார், கத்த வேண்டிய காரியம்தான். பவளத்தின் பேருக்கு மேல் சிவப்பு மையில் கோடு போட்டார்கள். தில்லைநாதன் ஐயாவுக்கு ஒரு வாரம் தவணை கொடுத்து வெளியே போகச் சொன்னார்கள். என்னையும் போகச் சொல்லியிருப்பார்கள். ஸ்டோரில் ஷீட் அடிக்க வேறு ஆள் கிடைக்காத காலம் என்பதால் ஏச்சோடு விட்டார்கள்.

கொழும்புக்குப் புதுக் கடிதம் போனது. தில்லைநாதன் ஐயா ஒரு பெட்டியோடு பஸ் ஏறினார். சில மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு போஸ்ட்கார்ட் வந்தது. ‘உம்மடை மனிசி வந்திட்டாவோ?’ என்று கேட்டிருந்தார். தன்னுடையவர்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. பதில் போட விலாசமும் இல்லை.

மறுபடி பெரட்டு

பவளம் வந்தாள். பாதி ஆளாக வந்தாள். கட்டுநாயக்க ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியெல்லாம் மகளின் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். பேரைப் பற்றி அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் போகட்டும், அவள் கொஞ்சம் தூங்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் நான் எழும்பியபோது பாயில் அவள் இல்லை. செருகி வைத்திருந்த கத்தியும் இல்லை. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

தலையில் துணி கட்டி, வாளியோடு பெரட்டுக்களத்தில் தன்னுடைய பழைய இடத்தில் நின்றாள். புதுக் கணக்கப்பிள்ளை வாசித்துக்கொண்டு போனார். ஒவ்வொரு பேருக்கும் ஆள் மலைக்கு ஏறியது. ஆற்றுப் பக்கப் புளொக்குக்குக் குசுமாவதி என்று வாசித்தார். கிராமத்திலிருந்து கைக்காசுக்கு வரும் குசுமா அக்கா ஆங் சொன்னாள். பவளம் அப்போதும் நகரவில்லை. புத்தகத்தை மூடும்வரை நின்றாள்.

எல்லோரும் போன பிறகு நான் சொன்னேன். எந்த இடத்தில் எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. அவள் என்னை ஏசவில்லை. நேரே ஆற்றுப் பக்கம் போனாள். நான் பின்னால் போனேன். குசுமா அக்கா கத்தியை நிறுத்திவிட்டு, பவளத்தின் கையைப் பிடித்தாள்.

“மே ஒயாகே கஸ், நங்கி. மம பரிஸ்ஸமட்ட கெபுவே” என்றாள். இது உன் மரம் தங்கச்சி, நான் கவனமாகத்தான் வெட்டினேன் என்று. அது உண்மைதான். அவள் கை என் கையை விட நல்ல கை.

பவளம் கைக்காசுக்குப் பேர் கொடுத்தாள். பதினாறு வயதில் நிரந்தரமாகப் பதிந்தவள், முப்பத்து நான்கில் நேற்று வந்தவர்களோடு கடைசி வரிசையில் நின்றாள். சில நாள் ஆங்காங்கே ஒரு புளொக் கிடைக்கும். பல நாள் வாளியோடு திரும்பி வருவாள். ஒரு வருடம் அப்படி ஓடியது. ஒருநாள் மாலை, மறுபடி போகப் போகிறேன் என்றாள். இந்த முறை சவூதி.

அதற்குப் பிறகு அவள் வந்ததும் போனதுமாகவே இருக்கிறாள். ரோட்டோரத்தில் அந்தப் பத்து பேர்ச் வாங்கினோம். நான்கு சுவர் வந்தது, மகளுக்குக் கலியாணமும் முடிந்தது. இதை அந்த வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இந்த வீட்டில் பவளம் படுத்த நாள்களைக் கூட்டினால் ஒரு மழைக்காலம் தேறாது. வரும்போது விருந்தாளி மாதிரி, உப்பு எந்தப் போத்தலில் இருக்கிறது என்று என்னைக் கேட்கிறாள். எனக்கு அவளைத் தேடுகிறது. இந்த வயதிலும் தேடுகிறது.

கரவனெல்ல சந்தி

அவள் இரண்டாம் தடவை போன காலையை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன்.

கரவனெல்ல சந்தியில் கொழும்பு பஸ்ஸுக்கு நின்றோம். மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தோம். வழி முழுக்க அடக்கிக்கொண்டு வந்தவன் அங்கே உடைந்துவிட்டேன். போகாதே புள்ள என்றேன். ஒருமுறை உன்னைப் பூட்டி வைத்தார்கள், மறுபடியும் அதே மாதிரி ஒரு வீட்டுக்கா என்று கேட்டேன். இங்கே கைக்காசாவது இருக்கிறதே, கஞ்சியோ கூழோ குடித்துக்கொண்டு இருக்கலாமே என்று கெஞ்சினேன். ரோட்டில் நின்றவர்கள் பார்த்தார்கள்.

அவள் கோபப்படவில்லை. என் சட்டைக் காலரைச் சரி பண்ணிவிட்டாள்.

“அங்க என்னைய விட மாட்டேன்னு பூட்டி வச்சாங்க. இங்க நான் வந்து நின்னேன், யாரும் என்னையக் கூப்புடல. ரெண்டுல எது பெரிசு, நீங்களே சொல்லுங்க.”

பஸ் வந்தது. அவள் ஏறினாள். பையை நான்தான் தூக்கிக் கொடுத்தேன்.